கனத்த குரல் மட்டும்

பட்டாளத்தார் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அதைக் கட்டிய கொத்தனாருக்கு என்ன அவசரமோ தெரியவில்லை, அந்தப் பக்கம் உப்பு டப்பாவைத் திறந்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் அந்த வீட்டிலிருந்து வருவது எப்போதும் ஒரே குரல்தான். பட்டாளத்தாரின் மனைவி ரொட்டிக்கார அக்கா பேசுவார். பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவார், துணி மடித்துக்கொண்டே பேசுவார். பதிலுக்கு "ம்ம்" என்றோ "சரி" என்றோ ஒரு கனத்த சத்தம் வரும். சில நாள் அதுவும் வராது.

அக்காவுக்கு ரொட்டிக் கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போய் மாவைப் பிசைந்து, உருட்டி, தட்டில் அடுக்கி, அடுப்பில் தள்ளிவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்துக்குத் திரும்புவார். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். சூடு ஆறாத ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். அதை அவர் பிய்த்துத் தட்டில் வைத்து, முட்டையும் வெங்காயமும் வதக்கிப் பக்கத்தில் வைத்து, எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். பட்டாளத்தார் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அவர் வாசல் அறையில் மோட்டார் பழுது பார்க்கிறவர். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, அரவை மிஷின், எது வந்தாலும் ஓடவிட்டு, கண்ணை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து "பேரிங் போயிடுச்சு" என்பார். மற்ற மெக்கானிக்குகள் காது கொடுத்துக் கேட்பார்கள், இவர் கை வைத்துப் பார்ப்பார். அதை ஏதோ பட்டாளத்து வித்தை என்று தெருவில் நாங்கள் நினைத்திருந்தோம்.

நான் தெருக்கோடியில் இருக்கிற சமுதாய மருத்துவ நிலையத்தில் மருந்து கொடுக்கிறவன். பெரிய பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம், மூன்று அறை, ஒரு தாழ்வாரம், ஒழுகுகிற கூரை. எல்லோருக்கும் நான் கம்பவுண்டர். என் குரல் அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பட்டாளத்தார் என்னோடு நன்றாகப் பேசுவார். டீக்கடையிலும் அப்படித்தான். லாரி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டால் அவர் சிரிக்கிற சிரிப்பு தெருமுனை வரைக்கும் வரும். அக்கா ரொட்டிக் கூடத்திலிருந்து திரும்புகிற வழி அது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்கு வருவார்.

"வெளியில வாய் ஓயாது தம்பி. வாசப்படி தாண்டினா பூட்டு போட்டுருவாரு" என்பார் என்னிடம். "எம் மூஞ்சியப் பாத்தா அப்படி என்னதான் கசக்குதோ."

அவர்களுக்குக் கல்யாணமான கையோடு அவர் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனவர். அந்தக் காலத்தில் ரொட்டிக் கூடத்தில் ஒரு போன் இருந்தது. எப்போதாவது அதில் கூப்பிடுவார். அடுப்பு இரைச்சலுக்கு நடுவில் அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுவாராம். சொல்ல ஆரம்பிப்பதற்குள் லைன் போய்விடும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவன் அவசரப்படுத்துவான். "மிச்சத்த வந்ததும் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவார். அக்காவும் மிச்சத்தையெல்லாம் சேர்த்துவைத்தார். மகள் பிறந்தது, நடந்தது, காய்ச்சலில் விழுந்தது, மழையில் கூரை போனது, தன் அம்மா படுத்த படுக்கையானது, எல்லாம் சேர்ந்துகொண்டே போனது. அவர் பட்டாளத்தை விட்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லையாம். ஆரம்பித்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு "ம்ம்" என்றார்.

அந்த "ம்ம்" தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அக்கா மருத்துவ நிலையத்துக்கு வந்தார். மணிக்கட்டில் அடுப்புத் தட்டு சுட்டிருந்தது. நர்ஸம்மா புண்ணைத் துடைத்துக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தார். நர்ஸம்மா வாயாடி, ஆனால் கைவேலை சுத்தம்.

"இவ்வளவு நாள் சுடாத கை இன்னிக்கு எப்படிம்மா சுட்டுது?"

"நெனப்பு இங்க இல்ல" என்றார் அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஞாயித்துக்கெழம மக வரா. என்னக் கூட்டிட்டுப் போகத்தான் வரா. நான் போறேன். திரும்பி வரப்போறதில்ல."

"என்னக்கா சொல்றீங்க? அண்ணனுக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னேன். சட்டைக்கு பட்டன் தெச்சிட்டே சொன்னேன். 'இத்தன வருஷம் இருந்துட்டேன், இனிமே முடியல, மககிட்டயே போயிடறேன், நீங்க உங்க மோட்டாரோட இருங்க'ன்னு சொன்னேன். 'சரி'ன்னாரு."

"சரின்னாரா?"

"சரின்னாரு. ஏன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன? போகாதன்னு சொல்ல வேணாம். ஏன்டி போறன்னு திட்டியிருந்தாக்கூட இருந்துட்டிருப்பேன்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நர்ஸம்மா கட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தாரா?"

இந்தக் கேள்வி எங்கள் நிலையத்துக்குப் புதிது. பட்டாளத்து ஆஸ்பத்திரி பெரிய நகரத்தில் இருக்கிறது. போய்வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும் என்று ஓய்வு பெற்றவர்கள் யாரும் போக மாட்டார்கள். எங்களிடம் இருமலுக்கும் முட்டிவலிக்கும் வருவார்கள், ஆனால் பட்டாளத்தில் இருந்ததைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். நாங்களும் கேட்டதில்லை. இந்த மழைக்கு முன்னால்தான் டாக்டரம்மா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், நீங்களோ வீட்டில் யாராவதோ பட்டாளத்தில் இருந்தீர்களா என்று கேட்க வேண்டும். இருந்திருந்தால் அங்கே என்ன வேலை என்பதையும் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் இத்தனை காலம் குடியிருக்கும் எனக்கு அந்த இரண்டாவது கேள்வி தோன்றியதே இல்லை.

"பீரங்கி" என்றார் அக்கா. "குண்டு போடறது."

"பக்கத்துலயே நிப்பாரா?"

"ஒட்டியே நிப்பாராம்."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "அவர நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நீங்க கூப்பிடுங்க, இவங்க கூப்பிட வேணாம்."

மறுநாள் மழை விட்டுவிட்டுப் பெய்தது. "பிரஷர் பாக்கணுமாம், வாங்கண்ணே" என்று நான் கூப்பிட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். வரும் வழியெல்லாம் பம்பு செட்டைப் பற்றியே பேச்சு. நர்ஸம்மா அவரை உட்காரவைத்து, இரண்டு காதையும் மூடுகிற மாதிரி ஒரு கருவியைத் தலையில் மாட்டினார். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி அவர் முகம் ஒரு கணம் இறுகியது. அப்புறம் நிமிர்ந்து, விறைப்பாக உட்கார்ந்தார்.

"சத்தம் கேட்டா கையத் தூக்குங்கய்யா. சின்னச் சத்தமா இருந்தாலும் தூக்கணும்."

அவருக்குப் பின்னால் மேஜையில் மிஷின். நர்ஸம்மா ஒரு பொத்தானை அழுத்தினார். பட்டாளத்தார் கையைத் தூக்கினார். மறுபடியும் அழுத்தினார். தூக்கினார். ஒன்றைக்கூட விடவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காதில் கோளாறு இல்லை, மனசில்தான் கோளாறு, இதை அக்காவிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கரண்ட் போனது. பகல் வேளை, மழைக்காகக் காற்றாடியும் போடவில்லை, அதனால் அறையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மிஷினின் பச்சை விளக்கு மட்டும் அணைந்தது. நர்ஸம்மாவின் விரல் பழக்கத்தில் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டது.

பட்டாளத்தார் கையைத் தூக்கினார்.

நர்ஸம்மா மறுபடியும் அழுத்தினார், இந்தத் தடவை வேண்டுமென்றே. கை மேலே போனது. இடைவெளி விட்டு, மாற்றி மாற்றி அழுத்தினார். செத்துக் கிடக்கிற மிஷினுக்கு அவர் அச்சுப் பிசகாமல் கை தூக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். எதிரே என் மருந்து அலமாரி. அதன் கண்ணாடியில் நர்ஸம்மாவின் கையும் பொத்தானும் தெளிவாகத் தெரிந்தன.

நர்ஸம்மா அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். பட்டாளத்தார் "ம்ம், சரி" என்றார். சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து நான் தினமும் கேட்கிற அதே குரல்.

"நீங்க பேசுங்க கம்பவுண்டர்" என்றார் நர்ஸம்மா. "எங் குரல் அவருக்கு எட்டாது. உங்க குரல் எட்டும்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அண்ணே, கரண்ட் போயிடுச்சு."

"எப்ப?"

"கொஞ்ச நேரமாச்சு. நீங்க கை தூக்கிட்டே இருந்தீங்க."

அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். கூரையிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்துண்ணே?"

"சர்வீஸ்லயே." என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "எங்க ஆளுங்க எல்லாருக்குமே அதான். வருஷத்துக்கொரு தடவ மெடிக்கல். டாக்டர் பின்னாடி நின்னுகிட்டு மெதுவா ஏதாவது சொல்வாரு, நாம திருப்பிச் சொல்லணும். கேக்கலன்னா பீரங்கிய விட்டு எடுத்து ஸ்டோருல உக்கார வெச்சிருவாங்க. கூட இருந்த ஆளுங்கள விட்டுட்டு யாரு போவா? அதனால எதுத்தாப்ல ஒருத்தன் நிப்பான், வாயசைச்சுக் காட்டுவான். அவன் முறை வந்தா நான் நிப்பேன். பழகிடுச்சுப்பா. கேக்கலன்னு சொல்ற வாயே போயிடுச்சு."

"இப்ப என்ன மெடிக்கல் இருக்கு? வீட்ல சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "போன்ல பேசும்போது அவ என்ன சொல்வா தெரியுமா? 'உங்க குரலக் கேட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்'பா. எனக்கும் அவ குரல்தான். ராவெல்லாம் சுட்டுட்டு வந்து படுத்தா காதுக்குள்ள ரீங்காரம் ஓயாது. அதுக்கு நடுவுல அவ குரல எடுத்து வெச்சுக்குவேன். வீட்டுக்கு வந்தேன். எதிர்ல நிக்கறா, வாய் அசையுது, குரல் மட்டும் வரல. உன் குரல் எனக்கு வரலன்னு அவகிட்ட நான் எப்படிய்யா போய்ச் சொல்றது?"

நான் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் நகர்த்திக்கொண்டேன்.

"அவ பேசுவா. நான் சுவரப் பாத்துட்டு அந்தப் பழைய குரல உள்ளுக்குள்ள ஓட்டிக்குவேன். அவ பேசி முடிச்ச மாதிரி தெரிஞ்சா சரின்னு சொல்வேன். சரின்னு சொன்னா என்ன கெட்டுடப் போவுதுன்னு நெனச்சேன்."

"அண்ணே, அக்கா ஞாயித்துக்கெழம போறாங்க. வரமாட்டேன்னு உங்ககிட்ட சொன்னாங்க. நீங்க சரின்னுட்டீங்க."

அவர் எழுந்துவிட்டார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா வந்து காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அப்புறம் கரண்ட் வந்ததும் அலமாரியில் துணியைத் தொங்கவிட்டு, ஒழுங்காகச் சோதித்தார்கள். குண்டுச் சத்தத்தில் முதலில் போவது மெல்லிசான சத்தங்கள்தானாம். பெண் குரல், குழந்தைக் குரல், பறவைச் சத்தம். கனத்த குரல் கடைசி வரைக்கும் நிற்குமாம். கோபத்தில் கத்தினால் குரல் கீச்சென்று இன்னும் மெல்லிசாகிவிடும், அதனால் அதுவும் பிரயோஜனமில்லை. அக்கா எத்தனை தடவை கத்தியிருக்கிறார் என்பது சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும்.

அவருக்கென்று காது கேட்கிற கருவி வர நாளாகும். பட்டாளத்து அலுவலகத்துக்கு எழுதுகிற வேலையை டாக்டரம்மாவே ஏற்றுக்கொண்டார். அதுவரைக்கும் நிலையத்தில் இரவல் கொடுக்கிற ஒரு ஜோடி இருந்தது. நர்ஸம்மா அதைக் காதில் பொருத்தினார். பட்டாளத்தார் சட்டென்று குனிந்தார்.

"என்னது இது, யாரோ தட்டு தட்டா ஒடைக்கிறாங்க?"

"மழைண்ணே. தகரத்துல விழுது."

தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் மாத்திரைக் கவரை மடித்ததற்கும் திரும்பிப் பார்த்தார். நர்ஸம்மா எதிரில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "வீட்டுக்குப் போய் நீங்களேதான் சொல்லணும்யா. நாங்க சொல்லக் கூடாது." இந்தத் தடவை அவர் "சரி" சொல்லவில்லை. "பயமா இருக்கும்மா" என்றார்.

பயம் அன்றும் மறுநாளும் போகவில்லை. கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார்களோடு முட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து இறங்கிய பிறகுதான் என் கதவைத் தட்டினார். "நீயும் வாப்பா" என்றார். சண்டையில் குண்டு தூக்கியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் படியேறினார்.

கட்டில் மேல் அக்காவின் பை. மகள் அதன் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அடுப்படியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். போகிற அன்றும் அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு செய்து வைத்துவிட்டுத்தான் போவார். பட்டாளத்தார் போய் முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து உள்ளங்கையில் காட்டினார்.

"எனக்குக் காது கேக்காது. உன் குரல் கேக்காது. வந்த நாள்லேர்ந்து."

அக்கா சந்தோஷப்படுவார், அழுவார், இரண்டில் ஒன்று நடக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கத்தி கையிலேயே இருந்தது. அவர் முகம் சிவந்தது.

"வந்த நாள்லேர்ந்தா?" நான் பக்கத்தில் நின்று, அக்கா சொன்னதை என் குரலில் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"அப்ப நான் பேசினது எதுவுமே கேக்கலையா? எங்கம்மா சாகும்போது என்ன சொன்னாங்கன்னு ராத்திரி பூரா சொன்னேனே, அது? இவ காய்ச்சல்ல கெடந்தப்ப தனியா தூக்கிட்டு ஓடினத சொன்னேனே, அது?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவரு கேட்டுட்டுப் பேசாம இருக்காருன்னு நெனச்சப்பகூட, எல்லாம் இவருக்குள்ள எங்கயோ இருக்குன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. இப்ப எங்கயுமே இல்லன்னு சொல்றாரா? நான் சுவத்துக்கிட்டயா பேசிட்டிருந்தேன்?"

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கருவியை எடுத்து, நர்ஸம்மா காட்டியபடி ஒவ்வொன்றாகக் காதில் வைத்தார். இரண்டாவது சரியாகப் பொருந்தவில்லை. மகள் வந்து இடது காதுக்கு வைத்துவிட்டாள்.

"பேசு" என்றார்.

அக்கா பேசவில்லை. இத்தனை வருஷம் ஓயாத வாய் அன்று மூடிக்கொண்டது. கிழங்கைச் சீவினார். தோல் தட்டில் விழுகிற ஒவ்வொரு தடவையும் பட்டாளத்தாரின் கண் தட்டுக்குப் போய் வந்தது. மகள் அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"என்னத்தப் பேச?" என்றார் அக்கா கடைசியில், கிழங்கைப் பார்த்தபடி.

பட்டாளத்தார் அசையாமல் நின்றார். அப்புறம் அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"இது அவ குரல் இல்லையே" என்றார் என்னிடம், ரகசியம் சொல்கிற மாதிரி. வீடு முழுக்கக் கேட்டது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் கரகரத்த குரல்தான். எனக்கு நினைவு தெரிந்து அப்படித்தான். இவர் எதை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொட்டிக் கூடத்துப் போனில் பேசிய அந்தச் சின்னப் பெண்ணின் குரலை.

"இதான் எங் குரல்" என்றார் அக்கா. கோபம் அதில் இல்லை. "அது எப்பவோ போயிடுச்சு. மாவுத் தூசி, அடுப்புப் புகை. எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது. பக்கத்துல கேக்க ஆள் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க."

பட்டாளத்தார் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தார். கிழங்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அக்காவின் வாயைப் பார்த்து அல்ல, தலையைக் குனிந்து காதைக் காட்டி உட்கார்ந்தார்.

"நடுவுல இருந்தது போச்சு. இதையாவது எனக்குக் குடு" என்றார்.

அக்கா வெகுநேரம் அவர் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்மண்டை முழுக்க நரைத்திருந்தது. அப்புறம் அவரும் எதிரில் உட்கார்ந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்க வந்த அன்னிக்கு மழை" என்று ஆரம்பித்தார். "கூரை ஒழுகிட்டிருந்துச்சு. நீங்க வரப் போறீங்கன்னு நானே ஏறி அடைச்சேன்."

"நீ ஏறினியா?"

"வேற யாரு ஏறுவா? அப்ப கால் வழுக்கி..."

நான் மெதுவாக வெளியே வந்தேன். மகளும் என் பின்னாலேயே வந்து, பையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே கரகரத்த குரல் போய்க்கொண்டே இருந்தது. நடுநடுவே கனத்த குரல் ஏதோ கேட்டது. ஒரு தடவை "மெதுவாச் சொல்லு" என்றது. முனையில் பஸ் திரும்புகிற சத்தம் வந்தது.

"அம்மா, பஸ் வந்துருச்சு" என்று மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நீ போயிட்டு வா" என்றார் அக்கா உள்ளிருந்து. "நான் வர நாளாகும்டி. உங்கப்பா ஊர் திரும்பின வருஷத்தையே நாங்க இன்னும் தாண்டல."